அண்ணாவிடம் கேட்காமல் விட்ட மறுமொழி

என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது இந்தக் கதையை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவீர்கள். இப்போது எழும்ப முடியாது, அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும்.

வாழைச்சேனை வீட்டில் எல்லோரும் சுகம். மச்சாள் கொஞ்சம் மெலிந்துவிட்டா. உங்கள் மகள் நிதுஷா உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டாள், விமானியாகப் படிக்க விண்ணப்பம் போடப் போகிறாளாம். பிடிவாதம் அப்படியே உங்களுடையது. போன ஞாயிறு நானும் அவளும் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"மாமி, அப்பா கோபுரத்தில இருந்து சொன்னதக் கேட்டுப்போட்டும் மீறிப் போனவராம். இன்டர்வியூவில கேட்டா நான் என்ன சொல்ற?"

அந்த விமானத்தளக் கோபுரத்தில் இருந்து, விமானியாக இருந்த உங்களுக்குக் கட்டளை சொன்னவள் நான். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டாள்.

வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தில் இருப்பவர் சொல்லும் கட்டளையை விமானி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறாரா என்று நாங்கள் காது கொடுக்க வேண்டும். எங்கள் வேலையின் அரிச்சுவடி இது. ஆனால் நான் முதலில் வேலை பார்த்த அந்தச் சின்ன விமானத்தளத்தில் வந்துபோகிறவர்கள் எல்லோரும் பழகினவர்கள். வாய் திறக்கப் பஞ்சிப்பட்டு, ரேடியோவின் பொத்தானை இரண்டு தரம் அமத்துவார்கள். டிக், டிக் என்று கேட்டால் சரி என்று அர்த்தம்.

மற்றவர்களை நான் விட்டதில்லை. "திருப்பிச் சொல்லுங்கள்" என்று கறாராகக் கேட்பேன். உங்களிடம் மட்டும் வாய் வரவில்லை. எல்லோருக்கும் கேட்கிற அலைவரிசையில், மூத்த அண்ணனைத் தங்கச்சி அதட்டினால் நன்றாகவா இருக்கும்? மரியாதை என்று நினைத்தேன். அந்த மரியாதை எங்கே கொண்டுபோய் விட்டது, பார்த்தீர்களா?

அன்று காலை உங்களை ஓடுபாதைக்குள் போகச் சொன்னேன், நீங்களும் திருப்பிச் சொன்னீர்கள். அதற்குள் இறங்க வந்த விமானம் நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில் வந்துவிட்டது. உடனே உங்களை வெளியே நிற்கச் சொன்னேன். டிக், டிக். நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு குனிந்து எழுதத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது உங்கள் விமானம் ஓடுபாதையின் நடுவில் நின்றது. இறங்கிக்கொண்டிருந்தவரை மேலே ஏறச் சொல்லிக் கத்தினேன். அவர் உங்கள் தலைக்கு மேலால் போனார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்னேரம் கன்டீனுக்குப் பின்னால் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கு ஒண்டும் கேக்கல்ல புள்ள. நீ போகச் சொன்ன உடன, கொம்பனியோட கதைக்க ரேடியோவ மாத்தினன். திருப்பி மாத்த மறந்துபோனன்."

"அப்ப அமத்தினது ஆரு?"

"அங்கால நிண்ட வேற விமானி ஆராச்சும் தனக்கெண்டு நினைச்சு அமத்தியிருக்கும்."

வாயால் சொல்லுங்கள் என்று நான் ஒரு தரம் கேட்டிருந்தால், நீங்கள் அலைவரிசையில் இல்லை என்பது அந்த நொடியே தெரிந்திருக்கும்.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். என் கட்டளை இருந்தது, இரண்டு டிக் இருந்தது. அது யாருடையது என்று ஒலிப்பதிவில் தெரியாது. நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "ஓம், நான்தான் அமத்தினன். கேட்டன். நேரம் காணும் எண்டு நினைச்சுப் போயிற்றன்." என்னிடம் கேட்டபோது, "அவர் அப்படித்தான் மறுமொழி சொல்லுறவர்" என்றேன். அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் அன்று நடந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நீங்கள் வேண்டுமென்றே கட்டளையை மீறியவர் என்று பதிவானது. "ஆறு மாசம் நிப்பாட்டுவாங்க, மறுகா விமானத்தில ஏறிருவன். நீ இப்பதான் வேலைக்கு வந்த புள்ள, உன்னத் தூக்கினா திருப்பி எடுக்கமாட்டாங்க" என்றீர்கள். ஆறு மாதம் முடிந்தது, ஒரு கொம்பனியும் உங்களை எடுக்கவில்லை. கடைசிவரை துறைமுகத்தில் படகு என்ஜின் திருத்தினீர்கள். எனக்காகப் பொய் சொல்லுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று தடுத்தேனா, அண்ணா?

நிதுஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், பிறகு என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று ஒரு ஆசை இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டாள்:

"அப்பாட செத்த வீட்டில அவ்வளவு சனம் இருந்ததே மாமி. அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம்தானே?"

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மச்சாள் தேத்தண்ணி தந்தா, என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அலுவலகத்தில் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். வாயால் மறுமொழி வாங்காமல் விட்டவள் நான், உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தும் மறைத்தவள் நான் என்று கையெழுத்துப் போட்டேன். ரேடியோவை மாற்ற மறந்தது உங்கள் பிழை என்றும் எழுதினேன், கோபிக்காதீர்கள். பாதி உண்மை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்த மாதம் கூப்பிடுவார்கள். வேலை போகலாம், போகட்டும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லை எடுக்கும்வரை நான் விடமாட்டேன். எடுத்ததும் அவர்கள் தரும் கடிதத்தைக் கொண்டுபோய் நிதுஷாவின் கையில் கொடுப்பேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்பேன். அவளுடைய அப்பா மறந்தவர்தான், மீறியவர் இல்லை என்று அவள் தன் கண்ணால் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் என்னை மாமி என்று கூப்பிடாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இத்தனை காலம் உங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற தங்கச்சி,
சாந்தினி