அப்பாவுக்காக ஓட்டிய போட்டோ சிடி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
23.11.2008

அன்பு மகள் அபிநயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுதக் கை வரலை, அதனால இருக்கோம்னு மட்டும் எழுதறேன். நீயாவது அந்தப் புனே குளிர்ல காய்ச்சல் இருமல் இல்லாம சுகமா இருக்கணும்னு அண்ணாமலையாரை வேண்டிக்கறேன். தினம் போன்ல பேசறோமே, இப்ப என்ன திடீர்னு கடிதம்னு நினைப்பே. போன் அடிச்சா அப்பாதான் முதல்ல எடுக்கறார், நான் பேசும்போதும் பக்கத்துலயே உக்கார்ந்து ஸ்பீக்கர் போடுன்றார், அவர் காதுல விழக் கூடாத ஒண்ணை உன்கிட்ட சொல்ல எனக்கு வேற வழி தெரியலை. போன வாரமே எழுதியிருக்கணும், பேனா எடுத்தா மனசு வரலை.

வேலூர் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். சர்க்கரையால கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது, லேசர் வெச்சும் நிக்கலை, பார்க்க ஆசைப்படறதை எல்லாம் சீக்கிரம் பார்த்துடுங்கன்னு அப்பா முகத்துக்கு நேராவே சொல்லிட்டார். பஸ் ஓட்டறதை விட்ட அன்னிக்குக்கூட அப்பா இப்படி உடைஞ்சு போகலை. ஒருநாள் ஆல்பத்தை மடியில வெச்சுக்கிட்டு, மூக்கு ஒட்டற மாதிரி குனிஞ்சு பார்த்துட்டு, எழிலு, இதுல இருக்கறது அபியா இல்ல வேற யாராவதான்னு கேட்டார். அன்னிக்குத்தான் எல்லா போட்டோவையும் வீடியோவாக்கி டிவியில பெருசா, நிதானமா ஓட்டிக் காட்டணும்னு முடிவு பண்ணேன். நீ விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு. கல்யாண வீடியோ எடுக்கற மூர்த்திகிட்ட ஸ்கேனர் வாங்கி வந்து ஒவ்வொண்ணா ஏத்தினேன். எது முன்னாடி எது பின்னாடின்னு அப்பாதான் வரிசை சொன்னார், உன் பேர் வெச்ச நாள்ல இருந்து நீ வேலைக்கு ரயில் ஏறின நாள் வரைக்கும், ஒப்பிக்கிற மாதிரி.

அதுக்கப்புறம் நான் பட்ட பாட்டைத்தான் நீ போன்ல பாதி கேட்டிருக்கே. எல்லாத்தையும் அடுக்கி, பாட்டு சேர்த்து, வீடியோவா மாத்தச் சொன்னா, நீ ஸ்கூல் சேர்ந்த போட்டோ வர்ற இடத்துல மெமரி பத்தலைன்னு ஒரு கட்டம் வந்து நின்னுடும். அந்த போட்டோவுலதான் கோளாறுன்னு அதை எடுத்துட்டுப் பார்த்தேன், அதுக்கு அடுத்ததுல நின்னுது. நீ சொன்ன மாதிரி வைரஸ் பார்க்கறதை நிறுத்தினேன், உன் பழைய பாட்டையெல்லாம் அழிச்சு இடம் பண்ணேன், விர்ச்சுவல் மெமரியையும் கூட்டினேன். பாதி ஓடறதுக்குள்ள கரண்ட் போயிடும், திரும்பி வந்தா முதல்ல இருந்து. அடி அண்ணாமலையில இருந்து வந்திருந்த சந்திரம்மா அத்தை, உன் கம்ப்யூட்டரை விட என் எருமை சீக்கிரம் கன்னு போடும்டின்னு கிண்டல் பண்ணாங்க. அப்பா அப்பப்ப ஆச்சான்னு மட்டும் கேப்பார். கடைசியில மூர்த்தி ஒரு போட்டோவைத் திறந்து பார்த்துட்டு, என்னக்கா இது டிவிக்கா இல்ல பஸ் ஸ்டாண்டு பேனருக்கான்னு சிரிச்சான். அப்பதான் உறைச்சுது. அப்பாவுக்கு முகம் பெருசாத் தெரியணும்னு ஸ்கேனர்ல இருக்கறதுலயே ஜாஸ்தியான அளவை வெச்சிருக்கேன். டிவி காட்டறது என்னவோ அதுல ரொம்பக் கம்மி, மிச்சம் எல்லாம் கம்ப்யூட்டர் தலையில சுமை. கணக்குல பி.எஸ்சி. படிச்சவளுக்கு இது முதல் நாளே தோணியிருக்கணும். எல்லா போட்டோவையும் டிவி அளவுக்குச் சின்னதாக்கி, இருந்தும் பயந்துக்கிட்டு நாலு துண்டாப் பிரிச்சு ஓட்டினேன். நிக்காம ஓடுச்சு. நாலையும் ஒட்டி சிடி போட்டேன். ஆனா அதுக்குள்ள எத்தனை நாள் வீணாப் போச்சு பாரு.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவிக்குக் கிட்டத்துல நாற்காலி போட்டு அப்பாவை உக்கார வெச்சேன், அத்தையும் இருந்தாங்க. படம் ஓட ஓட, இது அபிக்கு மொட்டை போட்டப்ப, இது செங்கம் வீட்டு வாசல்னு ஒவ்வொண்ணா சொல்லிச் சிரிச்சார். எவ்வளவோ நாளுக்கப்புறம் அந்தச் சிரிப்பு. பட்டதெல்லாம் போதும்னு நினைச்சேன். பாதிக்கு மேல வந்தப்ப, ஐயோ, பாருக்கா நம்ம அபி கிருஷ்ணர் வேஷத்துல, அந்த மயிலிறகு எப்படிச் சாஞ்சிருக்குன்னு அப்பா அத்தையோட கையைத் தட்டிச் சொன்னார். டிவியில நீ காலேஜ் கடைசி நாள்ல புடவை கட்டிக்கிட்டு நிக்கறே அபி. அடுத்த போட்டோவுக்கு அஞ்சாம் கிளாஸ் கப்பு வாங்கினதுன்னார். அங்க உன் ஹாஸ்டல் சிநேகிதிங்க. ஒட்டும்போது மூணாவது துண்டுக்கு முன்னாடி நாலாவதைப் போட்டுட்டேன் போலிருக்கு. அவர் மனசுல இருந்த வரிசையைத்தான் சொல்லிக்கிட்டு வந்தார், அங்க ஓடறதை இல்ல. அத்தை, டேய் எங்கடா கிருஷ்ணர்னு கேக்க வாயைத் திறந்தாங்க, நான் அவங்க கையைப் பிடிச்சு அழுத்தினேன். படம் முடியற வரைக்கும் விடலை. ரொம்ப நல்லா வந்திருக்கு எழிலு, கலரெல்லாம் பளிச்சுனு இருக்குன்னார். வியாழக்கிழமை வேலூர் போனோம். டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டு, வெளிச்சம் இருக்கா இல்லையான்னுதான் இனிமே தெரியும், இப்படி ஆகி ரெண்டு மூணு வாரம் இருக்கும்னார். நான் மெமரி மெமரின்னு அந்தப் பெட்டி முன்னாடி உக்கார்ந்திருந்த நாளெல்லாம் இவர் யாருக்கும் சொல்லாம இருந்திருக்கார். எனக்குத் தெரியும்ன்றதை நானும் இன்னும் சொல்லலை.

தீபத்துக்கு இருசப்பன் மாமா, அதான் அப்பாவோட அத்தனை வருஷம் கண்டக்டரா ஓடினவர், டிப்போ ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றார். அவங்களுக்கு இந்த சிடியைப் போட்டுக் காட்டணும்னு அப்பா ஒரே பிடியா இருக்கார். அதனால நேத்து துண்டுங்களைச் சரியா வெச்சு வேற சிடி போட்டுட்டேன். இன்னிக்கு அவர் சொல்லச் சொல்ல கூடவே பார்த்தேன். எங்கயும் பிசகலை.

நீ பொங்கலுக்குன்னு வெச்சிருக்கற லீவை முன்னாடியே எடுத்துக்கிட்டு வா கண்ணு. வந்தா வாசல்லயே அப்பான்னு சத்தமா கூப்பிட்டுக்கிட்டே உள்ள நுழை, இளைச்சுட்டேனாப்பா பாருன்னு மட்டும் கேட்டுடாத. உனக்கும் அப்பா உடம்புதான், ஒரு தடவை வெறும் வயித்துல ரத்தம் கொடுத்து சர்க்கரை பார்த்துடு. வேளைக்குச் சாப்பிடு. மகராசியா இரு. இதுக்குப் பதில் கடிதம் மட்டும் போட்டுடாத, போஸ்ட்மேன் குரல் கேட்டாலே உன் கடிதம்னு கையில வாங்கி வெச்சுக்கிட்டு, என்னைப் படிச்சுக் காட்டச் சொல்வார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கோ. எழிலரசி