ஜாக்கெட்டுக்குள் நீ விட்ட துணி

இன்று பூசைக்குப் போட எடுத்த நீல ஜாக்கெட் கையில் ஏறவில்லை. பிளேடால் பக்கத்துத் தையலைப் பிரித்தேன். மடிப்புக்குள்ளிருந்து உன் தையல் மெஷின் எண்ணெய் மணம். 'நீ இன்னும் பெருப்பே' என்று உள்ளே துணி விட்டு மூன்று வரித் தையல் அடித்து வைத்தவள் நீ. இரண்டைப் பிரித்தாயிற்று. மூன்றாவதையும் பிரித்தால் ஜாக்கெட்டே ரெண்டாகிவிடும்.

பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு என் பாடெல்லாம் பார்த்தவள்தானே. கல்ஃபில் ஓட்டல் அடுக்களையை அடைத்துவிட்டு அவர் கூப்பிடும்போது இங்கே மணி ஒன்று தாண்டியிருக்கும். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், பிறகு பிள்ளைகளின் ஸ்கூல் வேன். இடையில் கிடைப்பதுதான் என் உறக்கம்.

மெலிய வேண்டுமென்று அந்தத் தவக்காலத்தில் ராத்திரிச் சோற்றை விட்டேன். ஃபோனை வைத்ததும் பசி காந்தும். மிச்சமிருக்கும் மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் எடுத்துத் தின்பேன். பன்னிரண்டு தாண்டி அடுத்த நாள் ஆகிவிட்டதே, நோன்பு முறியவில்லை என்று எனக்கு நானே சமாதானம். ஈஸ்டருக்கு, இறுகிப்போன ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன். கதையைக் கேட்டு நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"ஆண்டவரையே ஏமாத்தப் பாத்தியாட்டி? நீ வீங்கது சோத்துனால இல்ல, ஒறங்காததுனாலயாக்கும். ஒறங்காத ஒடம்பு தீனி கேட்டுக்கிட்டேதான் கெடக்கும். ஒனக்கு அடிக்கடி வார தலைவேதனையும் அதுனாலதான். மொதல்ல ஒறங்கு மக்கா."

சொன்ன நீ உறங்கினாயா? ஊருக்குத்தான் உபதேசம்! கோவில் பெருநாள் வந்தால் ஊர்ப் பெண்களின் துணியெல்லாம் உன் மெஷினில்தான். பிரஷர் மாத்திரையை மறப்பாய், உறக்கத்தை விரட்டும் கட்டன் சாயாவை மறக்கமாட்டாய். "பெருநாள் கழியட்டும், பொறவு ஒரு வாரம் கெடந்து ஒறங்குவேன்" என்பாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பெருநாள் கொடியேற்றுக்கு முந்தின நாள் காலை, இந்த ஜாக்கெட்டை வாங்க வந்தேன். மெஷின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாய். பாவம், ஒருவழியாய் உறங்குகிறாள் என்று நினைத்தேன். ஃபேனைப் போட்டுவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மத்தியானம் உன் தம்பி வந்து தொட்டுப் பார்த்தபிறகுதான் ஊருக்கே தெரிந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்றார் டாக்டர். ஒரு தடவை உன் தோளைத் தொட்டிருக்கலாமே நான்.

உன் அடக்கம் முடிந்த கையோடு அவரிடம் சொன்னேன், இனி இந்த நேரத்தில் கூப்பிட வேண்டாமென்று. "வேற எப்பம் பேச? அடுப்பு அணைக்கவே இங்க பதினொண்ணரை ஆவுது" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. இப்போது ஃபோன் வராத நாளிலும் உறக்கம் வருவதில்லை. யார் அசையாமல் படுத்திருந்தாலும் தொட்டுப் பார்க்கிறேன். எழுந்துபோய்ப் பிள்ளைகளை உலுக்குவேன். "ஒறங்க விடும்மா" என்று சின்னவள் சிணுங்கினால்தான் எனக்கு மூச்சு வரும்.

நேற்று பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தபோது நான் தரையில் படுத்துக் கண்ணசந்திருந்தேன். எத்தனையோ நாளுக்கப்புறம் நல்ல உறக்கம். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். விழித்தால் சின்னவள், பையைக்கூட இறக்கவில்லை, முகம் வெளுத்து நிற்கிறாள்.

"என்ன மக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்தேன்."