நீ சிரிக்க வைத்த இடத்துக்குப் போனேன், கலை

என் கலைக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. நீ போன மறுமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் கடையில் "அரை லிட்டர்" என்று சொன்னேன். சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் நினைத்துப் பார்த்தேன், அன்று முழுக்க என் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். டிவியைப் போட்டேன். நாடகத்தில் வருகிறவர்களைக் கேலி பண்ண ஆள் இல்லாமல் அதையும் அணைத்துவிட்டேன்.

பதினாலு வருடம் உன் பேச்சு நிறைந்திருந்த வீடு இது. உன் அண்ணன் போனதும், அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் ஆறு மாதம்கூடத் தாங்க மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். தாங்கினோமே! நான் புலம்புவேன், நீ சிரிப்பாய். காலம் அப்படியே ஓடிவிட்டது.

உன் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்ததா? இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. மில்லை மூடிய அன்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் கேட் முன்னால் நின்று அழுதார்கள். நீ வீட்டுக்கு வந்து, "இனிமே சங்கு ஊதுறதுக்கு முன்னாடி எழுந்து ஓட வேணாம் அண்ணி, ஏழு மணி வரைக்கும் தூங்கப் போறேன்" என்றாய். கிட்னி இரண்டும் கெட்டுவிட்டது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதும் அப்படித்தான். "மாவு மெஷின்ல அரைக்கக் குடுத்துட்டு உக்காந்திருப்போமே, அந்த மாதிரி ரத்தத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கணும், அவ்ளோதானே?" என்று கேட்டாய். இவளுக்கு எதுவுமே உறைக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"நீங்க பிரஸ்ஸுக்குப் போங்க அண்ணி. ரெண்டு பேரும் அங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்து இன்னா பண்ணப் போறோம்?"

நீ அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது கலை. அந்த மெஷினையும் ரத்தம் ஓடுகிற குழாயையும் பார்க்க எனக்குப் பயம். சிரித்துக்கொண்டுதானே கிளம்புகிறாள், நன்றாகத்தான் இருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, பிரஸ்ஸில் உட்கார்ந்து நோட்டு தைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய், வியாழன், சனி. மூன்று வருடம். ஒரு நாள்கூட நான் உள்ளே வந்து பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் கூடம் ஒழுகிய அன்று நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கால் வீங்கிப்போய், நிற்க முடியாமல் இருந்தாய். கரண்ட் இல்லை. ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் நான் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி, சொட்டுகிற சத்தத்துக்கு ஏற்ற மாதிரி தலையை ஆட்டி, "குண்டான் நல்லா வாசிக்குது அண்ணி, டம்ளருக்குத்தான் தாளம் வரல" என்றாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"எத்தினி நாளுக்குடி இந்த ஆட்டம்?" என்று கத்திவிட்டேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே கேட்டது. நீ தலையாட்டுவதை நிறுத்தினாய். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாய். மறுநாள் எப்போதும்போலத்தான் இருந்தாய். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மார்கழியில் ஒரு காலை, காபியோடு எழுப்ப வந்தேன். நீ தூக்கத்திலேயே போயிருந்தாய். "எத்தினி நாளுக்கு" என்ற அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜில் உன் ஊசி மருந்து இரண்டு, பிரிக்காமல் அப்படியே இருந்தன. யாருக்காவது ஆகட்டுமே என்று ஒரு மாதத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். உன் பேரைச் சொல்லி நீட்டினேன். வெளியிலிருந்து வருகிற மருந்தை வாங்க முடியாது என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். வந்த வேலை அதோடு முடிந்தது. திரும்பினேன். அப்போது வராந்தா பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நீங்க கலையோட அண்ணிதானே?"

தனம். உனக்கு அடுத்த கட்டிலாமே. கடலோரக் குப்பத்தில் மீன் விற்கிறவர். என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? மூக்குக் கண்ணாடிய நெத்தியில வச்சிக்கினு வீடு பூரா தேடினது நீங்கதானே? முருங்கக்கீரை விக்கிறவகிட்ட சண்டை போட்டுட்டு, மறுநாளு அவளுக்கே காபி குடுத்ததும் நீங்கதானே?"

பெஞ்சில் இருந்த இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடிப்பாவி! மூன்று வருடமாக என் கதையைச் சொல்லியா அத்தனை பேரையும் சிரிக்க வைத்திருக்கிறாய்?

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. உன்னிடம் ஓயாமல் எரிந்து விழுந்ததை தனத்திடம் சொன்னேன். மழை நாளில் கேட்ட அந்தக் கேள்வியையும் சொல்லிவிட்டேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

தனம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கலை இன்னா சொல்லும் தெரியுமா? எல்லாரும் என்னைப் பாவம் பாத்துப் பாத்துப் பேசுறாங்க, எங்க அண்ணி மட்டுந்தான் பழைய மாதிரி திட்டும், அது திட்டுனாத்தான் எனக்கு ஒடம்பு சரியில்லங்கிறதே மறந்துபோவும்னு சொல்லும்."

தனம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா ஒவ்வொரு வாட்டியும் இங்க வந்ததும் நேரா பாத்ரூமுக்குத்தான் போவும். அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிக்கினுதான் வெளிய வரும். ஒரு நாளு கேட்டேன். அழுகைய இங்கயே எறக்கிட்டுப் போயிடணும்க்கா, வீட்டுக்கு எடுத்துக்கினு போனா அண்ணி தாங்காதுன்னு சொல்லிச்சு."

உனக்கு எதுவுமே உறைக்காது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? நீ பிறவியிலேயே அப்படி, எனக்குத்தான் அது வாய்க்கவில்லை என்று உன்மேல் பொறாமைகூடப் பட்டிருக்கிறேனே! வாரத்தில் மூன்று நாள் நீ பாடுபட்டு உண்டாக்கிக்கொண்டு வந்த சிரிப்பா அது?

அன்று அங்கே ஒரு புதுப் பெண் இருந்தாள். பெயர் ரேவதி, முப்பது வயதுதான் இருக்கும். முதல் தடவை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புருஷன் பக்கத்தில் செய்வதறியாமல் நின்றான்.

"கலை இருந்தா இந்நேரம் சிரிக்க வச்சிருக்கும். நீங்க போய் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார் தனம்.

எனக்கா? ஆறுதல் சொல்லி எனக்கு என்ன பழக்கம்? இருந்தாலும் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து, "ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை.

"ஊசி குத்தும்போது வலிக்கும்மா. அப்புறம் நாலு மணி நேரம் செம போர் அடிக்கும்."

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "போர் அடிக்குமா?"

"பின்ன? எங்க நாத்தனா மாவு மெஷின்ல உக்காந்திருக்கிற மாதிரின்னு சொல்லுவா."

சட்டென்று சிரித்துவிட்டாள் கலை. சின்னச் சிரிப்புதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவங்க இப்ப நல்லா இருக்காங்களா?" என்று உடனே கேட்டாள். என்ன சொல்வது? "மூணு வருஷம் எங்களையெல்லாம் நல்லா வச்சிருந்தா" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நாலு செவ்வாய்க்கிழமை போய் வந்துவிட்டேன். பிரஸ்ஸில் கேட்டு, ஞாயிறு வேலைக்கு வந்து செவ்வாய் லீவு எடுத்துக்கொள்கிறேன். மூலக்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "தனியா கெடந்து இன்னாம்மா பண்ற, இங்க வந்துடு" என்கிறாள். "செவ்வாக்கெழமை எனக்கு வேலை இருக்குது" என்று சொன்னேன். அப்படிச் சொல்ல நன்றாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அதே அமைதிதான். சில நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கீரைக்காரியிடம் இன்னும் சண்டை போடுகிறேன். உன் மாதிரி சிரிக்க எனக்கு வராது. அது ஒரு வேலை, தினமும் காலையில் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். உனக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

போன வாரம் ரேவதி வந்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நெடுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். வந்தவள் என்னைப் பார்த்ததும் என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உனக்காக அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நாளும் நான் நிற்கவில்லை. இனி அங்கே யார் உள்ளே போனாலும், அவர்கள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வரும்வரை நான் நிற்பேன் கலை. என் கால் நிற்கிற வரைக்கும் நிற்பேன்.

உன்னைத் திட்டிக்கொண்டே இருந்த,
உன் அண்ணி சரோஜா
முத்தியால்பேட்டை