பலகையில் எழுதிய பெயர்

மச்சான்,

இன்று காலை மார்க்கர் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. மதுரை விமான நிலைய வாசலில் நீ என் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. உன் வெள்ளைப் பலகை இன்னும் வேனில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கொடைக்கானல் போகும் வெள்ளைக்காரர்களை நம்பித்தானே நாம் இருவரும் சேர்ந்து வண்டி எடுத்தோம். அவர்கள் வரத்து குறைந்ததும் வேனை விற்றுவிடலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீ அசையவில்லை. "மதுரையில எறங்குற பிளேனப் பாரு மாப்ள. கொழும்பு, சிங்கப்பூரு, துபாய். லண்டன்ல இருந்தா வருது? வாரவுகளப் பாத்து வண்டிய ஓட்டுவம்" என்றாய். ஒரே ஒரு சவாரி பார்ப்போம், சரிவராவிட்டால் விற்றுவிடுவோம் என்று பேச்சு.

அந்தச் சவாரிதான் மலேசியாக்காரர். பழனிக்குப் போக வேண்டும் என்று பாஸ்போர்ட் நகலை அனுப்பியிருந்தார். அதில் 'முருகையா ஏ/எல் பெரியசாமி' என்று இருந்தது. நம் ஊரில் இனிஷியல் இல்லாத ஆள் உண்டா? அந்த ஏ/எல்லை இனிஷியல் என்று நினைத்து, நீ 'திரு. ஏ.எல். பெரியசாமி' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிப் பிடித்துவிட்டாய்.

வெளியே வந்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். சவாரி போச்சு என்றே நினைத்தேன்.

"ஏ/எல்னா மலாய்ல மகன்னு அர்த்தம். பெரியசாமி எங்க அப்பா," என்றார். "திண்டுக்கல்ல அய்யலூர் பக்கமிருந்து கப்பலேறிப் போனவரு. ஒரு தடவை ஊருக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, வராமலே போய்ச் சேந்துட்டாரு. அவரைக் கூப்பிட ஆள் வந்து நிக்குதேன்னு பாத்தேன்."

நீ அவசரமாகத் துடைக்கப் போனாய். அவர் விடவில்லை. பலகையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். வேனை விற்கும் பேச்சை நான் அப்புறம் எடுக்கவே இல்லை.

அவர் சொல்லி, அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு மஸ்கட்டிலிருந்தும். ஒரு ஓமான்காரர் பெயரில் 'அல்' என்று இருக்க, அதையும் அந்த ஏ/எல் என்றே எடுத்துக்கொண்டு, "இவரு யாரு மகன் மாப்ள?" என்று கேட்டாயே, சின்ன வயதில் மதரசாவில் அரபி ஓதி, 'அல்' என்பது பெயருக்கு முன்னால் வரும் வெறும் ஒட்டு என்று தெரிந்த என்னிடமே. சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. இப்போது ஓமான்காரர்கள் மழையைப் பார்க்கவே குடும்பத்தோடு வருகிறார்கள். மலையேறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு நனைகிறார்கள், சீட்டைத் துடைப்பது என் பாடு. வண்டி நன்றாக ஓடுகிறது மச்சான், நானும் நன்றாக இருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டேனே என்பதுதான் வருத்தம்.

இன்று வந்தது முருகையாவின் மகள். முருகையாவும் போன வருடம் தவறிவிட்டாராம். "பலகையில அப்பா பேரை எழுதுங்க அங்கிள்" என்று போனில் கேட்டிருந்தாள். நீ தெரியாமல் செய்ததை நான் தெரிந்தே செய்தேன்.

பலகையைப் பார்த்தவள், "தாத்தா பேரை எழுதின அங்கிள் வரலையா?" என்றாள்.

"அவரு விட்டுட்டுப் போன பலகைதாம்மா இது," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பலகையை என் கையிலிருந்து வாங்கி, திண்டுக்கல் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.