ரோமுக்கு எழுதாத செய்தி

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.
2-4-1978

அன்புள்ள சூடாமணிக்கு,

உன் கடிதம் வந்தது. ரோமில் குளிர் விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்லது. இங்கே வெயில் தாங்கவில்லை.

ஆபீசில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பழம்பொருள்களை வேறு தேசங்களில் எப்படித் தரம் பிரிக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். நம் சட்டம் சிலைக்கு நூறு வருஷம், சுவடிக்கு எழுபத்தைந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. சுவரோவியப் பாதுகாப்புப் பயிற்சிக்கு உன்னோடு பல தேசத்தார் வந்திருக்கிறார்களே, கேட்டு எழுது.

உன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அப்படியேதான் இருக்கிறது. உன்னைக் கேட்டார். நீ படிப்பைப் பார்.

சாம்பசிவன்


ரோம்,
20-4-1978

நமஸ்காரம். நான் சௌக்கியம். நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்ட விவரம் இதோ. இத்தாலியில் ஒரு பொருள் சட்டத்துக்குள் வர ஐம்பது வருஷம் ஆனால் போதும். ஆனால் செய்தவர் உயிரோடு இருக்கக் கூடாது. முக்கியமான பொருள் என்று அரசாங்கம் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், சொந்தக்காரரே ஆனாலும் கேட்காமல் விற்க முடியாது. இங்கிலாந்தில் வீடுகளுக்கே கிரேடு போடுகிறார்கள். என் அறையில் இருக்கும் இங்கிலாந்துப் பெண்ணின் அப்பா, ஒரு ஜன்னலை மாற்ற எழுதிப் போட்டுவிட்டு எட்டு மாதம் காத்திருந்தாராம்.

ஜப்பானில் பொருள்களை இரண்டு தரமாகப் பிரிப்பதோடு, அருமையான கைவேலை தெரிந்த மனிதர்களையும் அரசாங்கம் பதிவு செய்கிறது. வகுப்பில் இருக்கும் ஜப்பான்காரரிடம், "பதிவான ஒருவர் இறந்துபோனால்?" என்று கேட்டேன். "பதிவை ரத்து செய்வோம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வீட்டைப் பற்றி இரண்டு வரிதான் எழுதுகிறீர்கள். அடுத்த கடிதத்தில் அம்மாவையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, படித்துக்கொள்வேன்.

உங்கள் மனைவி,
சூடாமணி


ரோம்,
9-5-1978

நமஸ்காரம்.

என் மியூசியத்திலிருந்து ரத்னாபாய் எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறாள். "உன் அம்மா போய் ஒரு மாதம் ஆகிறது, மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாய்" என்று. மார்ச் இருபத்தேழு என்று தேதியும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் இரண்டு.

அழுகை வரவில்லை. மத்தியானம் வகுப்புக்குப் போனேன். உப்பிப்போன சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஊசியால் பசை செலுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகச் செய்தேன் என்றார்கள்.

படிப்பை விட்டு வந்துவிடுவேன் என்று மறைத்தீர்களா? வந்திருப்பேன். வருவதா வேண்டாமா என்பது என் முடிவாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்யச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். லீவு நீட்டிப்புப் படிவம் இதோடு இருக்கிறது. கணவர் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ரிப்போர்ட்டுக்கு ஜப்பான் விவரம் இன்னும் ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன், அதையும் சேர்த்திருக்கிறேன்.

சூடாமணி


கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.
30-5-1978

சூடாமணிக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று.

நீ வந்துவிடுவாய் என்று மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே உனக்கு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஆபீஸ் விஷயம்தான் எழுத வந்தது. அதன் பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலையில் அம்மா காபி வேண்டாம் என்றார். பத்து மணிக்கு இரைப்பு அதிகமாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டாக்ஸி பிடிக்கப் பழவங்காடிக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. வேலைக்கு வரும் தாசம்மாள்தான் பக்கத்தில் இருந்தாள். உன் சித்தப்பா பஞ்சாபகேசன் நாகர்கோவிலிலிருந்து வந்து கொள்ளி வைத்தார். தைக்காட்டில் தகனம், சாம்பலைத் திருவல்லத்தில் கரைத்தோம்.

உன்னைக் கேட்டார் என்று எழுதியதும் நிஜமில்லை. கடைசி இரண்டு நாள் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னை யார் என்று கேட்டார்.

புடவைகளைத் தாசம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். அதையும் உன்னைக் கேட்டுச் செய்யவில்லை.

இரண்டு வருஷத்துக்கும் இதே முகவரிதானா என்று மட்டும் எழுது.

சாம்பசிவன்