மூன்றாவது பாறை

மார்ச் 4, புதன்

ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது. உள்ளே விரிசல் விட்ட கோப்பைகள். ஒவ்வொன்றின் அடியிலும் என் மேஜையின் முத்திரை.

எங்கள் மேற்பார்வையாளர் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. இஸ்திரி என்று பெயர் வைத்தது நான்தான். பெட்டியை என் முன் வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க மேஜைலேருந்தா? சான்ஸே இல்லம்மா. வண்டியில போறப்ப அடிபட்டிருக்கும்." நானும் சிரித்து வைத்தேன்.

இந்தப் பீங்கான் ஆலையில் என் வேலையே காது கொடுத்துக் கேட்பதுதான். கோப்பையை விரல் நுனியில் ஏந்தி விளிம்பில் மரக்குச்சியால் ஒரு தட்டு. நல்லதென்றால் கணீர். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக். போன மாதம் எனக்கு எல்லாமே டொக் என்று கேட்டது. கூடை கூடையாக ஒதுக்கினேன். இஸ்திரி சிலதை எடுத்துத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறேன்.

சளிதான். காது அடைத்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சளி போய்விட்டது. காது திறக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

குக்கர் விசிலடித்து விசிலடித்து அடிப்பிடித்துவிட்டது. அணைக்க ஓடிவந்தது என் வீட்டுக்காரர். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "காதுல பஞ்சா வச்சிருக்கே?" என்றார். ஏதோ யோசனை என்றேன். நான் யோசிப்பேன் என்றே ஒப்புக்கொள்ளாத மனுஷன், இன்றைக்கு நம்பிவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கொழுந்தன் குடும்பத்தோடு ஏரிப் பூங்காவுக்குப் போனோம். தண்ணீரை ஒட்டியே மரங்களுக்கு நடுவில் நடைபாதை. போகப் போக ஏரி மறைகிறது, திரும்பினால் மறுபடி கண் முன்னால் நிற்கிறது. நன்றாகத்தான் இருந்தது. கரை வளையும் இடத்தில் துருப்பிடித்த நிறத்தில் பாறைகள், யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி. சிலது தட்டினால் மணி மாதிரி ஒலிக்குமாம். சிலது வெறும் கல். முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன்.

"அண்ணி, நீங்கதான் தொழில்காரங்க. எது நல்லா ஒலிக்குதுன்னு தீர்ப்பு சொல்லுங்க" என்று கொழுந்தன் ஒரு கல்லைக் கையில் எடுத்தான்.

முதல் பாறையைத் தட்டினான். எனக்கு டொக். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன், கண்ணெல்லாம் விரிந்திருந்தது. "கணீர்னு இருக்கு" என்றேன். இரண்டாவதைத் தட்டினான். உதட்டைப் பிதுக்கினார்கள். "இது சுமார்" என்றேன். மூன்றாவதைத் தட்டினான். எல்லோருக்கும் வாய் பிளந்தது, ஓரகத்தி நெஞ்சிலேயே கை வைத்துக்கொண்டாள். "இதுதான் இருக்கறதுலயே அருமை. சுத்தமான ஒலி" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே சிரிப்பு. எனக்குத் தெரியாமல் பேசி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வெறும் கல்லாம், வாய் பிளந்ததெல்லாம் நடிப்பாம், நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார்களாம். "அண்ணி நம்மளையே திருப்பிக் கலாய்ச்சிட்டாங்க!" என்று கொழுந்தன் கையைத் தட்டினான்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். எப்போதும் என் இடப்பக்கம் நடக்கிறவர், திரும்பும்போது வலப்பக்கம் வந்து நடந்தார். எனக்குக் கொஞ்சமாவது கேட்கிற காது அது.

மார்ச் 16, திங்கள்

காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தோளைத் தொட்டார். "பின்னாடி நின்னு எத்தனை வாட்டி கூப்பிட்டேன் தெரியுமா?"

கத்தித் தீர்த்துவிட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல, என்னைச் சோதிக்கிற வேலையெல்லாம் வெச்சுக்காதீங்கன்னு. அவர் பாட்டுக்கு வெளியே போயிட்டார். சண்டை போட்டிருந்தாலும் தேவலை. அந்த மேஜையில என்னை என் காதுக்காகத்தானே உட்கார வெச்சிருக்காங்க? அது போச்சுன்னா நான் யாரு அங்க?

மார்ச் 19, வியாழன்

ஒரு தேநீர்க் கடையில் கோப்பை பிளந்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர், பரிமாறிய பெண்ணுக்குக் கை வெந்துபோயிற்று. என் முத்திரை. "உங்களோடதா இருக்காது, யாரோ முத்திரைய மாத்திக் குத்தியிருக்காங்க" என்கிறார் இஸ்திரி. மற்ற மேஜைக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 21, சனி

வீட்டுக்காரரிடம் காது விஷயத்தை நானாகவே சொன்னேன். "தெரியும், செருப்பைப் போடு" என்றார்.

காது டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு ஓரிடத்தில் மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது. மெல்லிய, கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டதாம். "மிஷின் வெச்சா பேச்சு கேக்கும். இந்தக் கூர்மையான சத்தம் பழைய மாதிரி கேக்காதும்மா." வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாகவே அழுதேன்.

மார்ச் 23, திங்கள்

இஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சட்டை கசங்கக் கசங்க முன்னும் பின்னும் ஆடினார். "உங்களை நம்பி மத்தவங்களைச் சந்தேகப்பட்டேனேம்மா." திட்டியிருக்கலாம்.

என்னைப் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும் வழியில் அந்த மேஜைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி மட்டும் தலையை ஆட்டினாள்.

ஏப்ரல் 11, சனி

மிஷின் வந்தது. பிளாஸ்டிக் பை கசங்கினால் இடி விழுகிறது. அவர் சாப்பிடுவது இவ்வளவு சத்தமாகவா?

மே 10, ஞாயிறு

நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏரிக்குப் போனோம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாறைகளிடம் வந்ததும் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். "ஏரியைப் பாத்து நில்லு. என் முகத்தைப் பாக்கக் கூடாது."

தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.

"இது?"

"தகர டப்பா."

"இது?"

"டொக்."

கொஞ்சம் இடைவெளி விட்டு, "இது?" என்றார்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காற்றின் இரைச்சல் மட்டும்தான். அருமை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒண்ணும் கேக்கலீங்க."

திரும்பினேன். கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கைத்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் தட்டவே இல்லை" என்றார்.

திரும்பி நடக்கும்போது என் வலப்பக்கம் வந்தார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். பாதி புரிந்தது. புரியாததை மறுபடி சொல்லச் சொன்னேன்.