மூடிய ஆலைக்குப் போட்ட கடிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, அன்றிலிருந்து என் சட்டைக் காலர் அழுக்கெல்லாம் அவள் கண்ணில் படுகிறது. ஃபோனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சட்டத் துறையில் என் வேலை உனக்குத் தெரியும், யாருக்கும் பயன்படாத பழைய சட்டங்களைப் பொறுக்கி ரத்துப் பட்டியலில் சேர்ப்பது. போன வருடம் சேர்த்ததில் ஒன்று கண்ணாடி ஆலைத் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம். தூசியில் நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவச வைத்தியம் என்று அதில் இருந்தது. பயனாளிகள் யாராவது மிச்சமா என்று கேட்டுக் கடிதம் போடுவோம், முப்பது நாளில் பதில் வராவிட்டால் யாரும் இல்லை என்று எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். நான் எங்கே போட்டேன் தெரியுமா, சட்டத்தில் அச்சடித்திருந்த ஆலை முகவரிக்கே. ஆலை மூடி இருபது வருடம் ஆகிறது! உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது, நானும் 'பதில் இல்லை' என்று குறித்துக் கோப்பைக் கட்டிவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள், வெட்கமில்லாமல் இளித்துக்கொண்டு நின்றேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அத்தை வந்தாள். கல்யாணத்துக்கு முன் பதினோரு வருடம் அந்த ஆலையில் உழைத்தவள். அவளுக்கு மருந்து கிடைப்பது மாமாவின் கம்பெனி தயவில் என்றே நினைத்திருந்தேன், கூடப்பிறந்தவன் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆலைக்காரர்களுக்குக் கொடுத்திருந்த வைத்திய அட்டையை மேஜையில் வைத்து, "இது செல்லாதுன்னுட்டாங்கண்ணா, சட்டமே இல்லையாம். நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே, எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலைன்னு கேட்டுச் சொல்லு" என்றாள், நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. நான் "விசாரிச்சுப் பாக்கறேன்" என்றேன். கொஞ்சமும் நாக்கூசவில்லை எனக்கு. அவளும் நம்பிப் போய்விட்டாள்.

நேற்று, தவறு என்னுடையது, பழைய பயனாளிகளுக்கு வைத்தியம் தொடர ரத்துச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும் என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். "ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், வாங்க மாட்டேன் என்றுவிட்டேன். அது நடக்க மாதக்கணக்காகும், அதுவரை மருந்து என் பொறுப்பு. ஆனால் ஆபீசில் திறந்த வாய் தங்கை முன்னால் திறக்கவில்லை, இரண்டு தடவை அவள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். இருவரும் மனம் கோணாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அத்தை உன்னைக் கூப்பிடுவாள். அப்பா வந்து ஏதாவது சொன்னாரா என்று கேள். இல்லை என்றால், நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
அத்தை தேடுகிற அந்தப் புண்ணியவான்,
உன் அப்பா.